மூன்ஸ்டர் ஆயர் காலென் பற்றி நண்பருக்கு

பாளையங்கோட்டை

அன்புள்ள ஆரோக்கியசாமி அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. மனவளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கான பள்ளியில் தங்கள் மகள் தலைமையாசிரியையாகப் பொறுப்பேற்றிருக்கும் செய்தி எனக்கும் என் மனைவிக்கும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது; எங்கள் வாழ்த்துகளை அவரிடம் சொல்லுங்கள். இங்கே அனைவரும் நலம். கண் அறுவைச் சிகிச்சை முடிந்து, எழுத்துகள் மறுபடியும் தெளிவாகத் தெரிகின்றன. ஓய்வு நாட்களில், ஜெர்மனியின் மூன்ஸ்டர் நகர ஆயராயிருந்த கர்தினால் காலென் வரலாற்றை மீண்டும் படித்தேன். நாஜி ஆட்சியை நேருக்கு நேர் எதிர்த்த அந்த ஆயர், யூதர்களுக்காக ஏன் அதே குரலில் பேசவில்லை என்று கேட்டிருந்தீர்கள். அவருடைய துணிவும், அந்தத் துணிவு நின்றுபோன எல்லையும் அவர் பிறந்து வளர்ந்த ஒரே வீட்டிலிருந்து வந்தவை என்றே நான் கருதுகிறேன். அதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

கிளெமென்ஸ் ஆகஸ்ட் ஃபான் காலென் 1878 மார்ச் 16 அன்று டிங்க்லாகே கோட்டையில், ஒரு பிரபுவின் பதின்மூன்று பிள்ளைகளில் பதினோராவதாகப் பிறந்தார். கோட்டை என்றதும் நாம் நினைக்கும் ஆடம்பரம் எதுவும் அங்கே இல்லை. குழாய்த் தண்ணீர்கூடக் கிடையாது. சின்னப் பிள்ளைகளுக்குத் தாயே மறைக்கல்வி கற்பித்தார். பதினேழாம் நூற்றாண்டில் மூன்ஸ்டரை ஆண்ட இளவரச ஆயர் கிறிஸ்டோஃப் பெர்ன்ஹார்ட் அவர்களுடைய முன்னோர் வரிசையில் வந்தவர். தொழிலாளர் நலனுக்காகப் பேசிய மைன்ஸ் ஆயர் கெட்டலர் நெருங்கிய உறவினர். ஜெர்மனியின் தலைமை அமைச்சர் பிஸ்மார்க் 1870களில் கத்தோலிக்கத் திருச்சபையை ஒடுக்க முற்பட்டு ஆயர்களைச் சிறையில் அடைத்த காலம் அந்த வீட்டின் நினைவில் ஆறாமல் இருந்தது. தந்தையும் கத்தோலிக்கர்களின் மையக் கட்சி சார்பில் நாடாளுமன்றத்தில் இருந்தவர். அரசு அநீதி செய்தால் அதன் முகத்துக்கு நேரே சொல்ல வேண்டும் என்பதை அந்தப் பிள்ளை சாப்பாட்டு மேசையிலேயே கற்றுக்கொண்டார். அதே மேசையில், நாட்டுக்கு விசுவாசமாக இருப்பதும் அதிகாரத்துக்குக் கீழ்ப்படிவதும் கடவுள் விதித்த கடமை என்பதையும் கற்றார்.

சிறுவயதில் அவர் படித்த இயேசு சபைப் பள்ளியின் பொறுப்பாளர் வீட்டுக்கு எழுதிய குறிப்பு ஒன்று என்னை மிகவும் கவர்ந்தது. தவறே செய்யாதவர் என்று தம்மைக் கருதுவதுதான் இப்பிள்ளையின் பெரிய சிக்கல், எப்போதும் ஆசிரியர்களே தவறு செய்தவர்கள் என்பார் என்ற பொருளில் அவர் எழுதியிருந்தார். ஆறரை அடிக்கும் மேல் உயரமாக வளர்ந்த பிறகும் அந்தப் பிடிவாதம் அவரை விட்டுப் போகவில்லை. 1904-இல் குருவானவரானார். 1906 முதல் 1929 வரை பெர்லினில் பணியாற்றி, பிறகு மூன்ஸ்டருக்குத் திரும்பினார். 1933 அக்டோபர் 28 அன்று அங்கேயே ஆயராகத் திருப்பொழிவு பெற்றார். ‘புகழ்ச்சிக்கும் மயங்கேன், அச்சத்துக்கும் பணியேன்’ என்ற பொருள் தரும் இலத்தீன் சொற்களைத் தம் விருதுவாக்காகக் கொண்டார்.

1941 கோடையில் நடந்ததை நீங்கள் ஓரளவு அறிவீர்கள். ஜூலைத் தொடக்கத்தில் மூன்ஸ்டர் நகரம் குண்டுவீச்சில் எரிந்துகொண்டிருந்தபோதே, ரகசியக் காவல்துறையினர் துறவற இல்லங்களைக் கைப்பற்றத் தொடங்கினர். ஆயர் தாமே அங்கே சென்று அவர்களைத் ‘திருடர்கள்’ என்று முகத்துக்கு நேரே கண்டித்துவிட்டு, மறுநாள் ஜூலை 13 அன்று புனித லாம்பெர்ட் ஆலயத்தில் மறையுரை ஆற்றினார். ஒரு வாரம் கழித்து இன்னொன்று. மூன்றாவது, ஆகஸ்டு 3 அன்று ஆற்றியது. தங்கள் மகள் படிக்க வேண்டியது அதைத்தான்.

மனநோயாளிகளையும் ஊனமுற்றோரையும் விடுதிகளிலிருந்து ஏற்றிச் சென்று அரசே ரகசியமாகக் கொன்றுகொண்டிருந்த காலம் அது. நகருக்கு அருகிலிருந்த மரியன்தால் விடுதியின் நோயாளிகளைக் கொண்டுபோகப்போவதாகத் தகவல் வந்ததும், கொலைச் சதியை அறிந்தவர் அதைத் தெரிவிக்காமல் இருப்பது குற்றம் என்ற சட்டப் பிரிவைச் சுட்டி, அவர் அரசு வழக்குரைஞருக்கும் காவல்துறைத் தலைவருக்கும் பதிவுத் தபாலில் புகார் அனுப்பினார். பதில் வரவில்லை. அதன்பிறகே, சட்டப் பிரிவுகளோடு சேர்த்து அனைத்தையும் மக்கள் முன் மறையுரையில் சொன்னார். பயனற்றவர்கள் என்று கொல்லப்படும் இவர்கள் ஓடாத பழைய இயந்திரமா, நொண்டிக் குதிரையா, பால் வற்றிய பசுவா என்று கேட்டார். மரியன்தாலில் இருந்த ஐம்பத்தைந்து வயது விவசாயி ஒருவரைப் பற்றிச் சொன்னார்: மனைவியும், போர்முனையிலிருந்து விடுப்பில் வந்த மகனும் சில நாட்களுக்கு முன்புதான் அவரைப் பார்த்துவிட்டுப் போயிருந்தார்கள். நாட்டுக்காகப் போரிடும் மகனின் தந்தையை அதே நாடு கொல்லப்போகிறது! பயன்படாதவரைக் கொல்லலாம் என்றால், முதுமையில் நம் கதி என்ன, கைகால் இழந்து திரும்பும் படைவீரர்களின் கதி என்ன என்ற கேள்வி அந்த ஆலயத்திலிருந்த ஒவ்வொருவரையும் தொட்டிருக்கும்.

அந்த உரையை மக்கள் தட்டச்சு செய்தும் கையால் எழுதியும் நாடெங்கும் பரப்பினார்கள். பிரிட்டிஷ் விமானங்கள் துண்டறிக்கையாக வீசின. அவரைத் தூக்கிலிட வேண்டும் என்று நாஜிக் கட்சிக்குள் குரல் எழுந்தது. மூன்ஸ்டரும் அதைச் சுற்றிய வெஸ்ட்ஃபாலியா பகுதியும் போருக்கு ஒத்துழைக்காமல் போய்விடும் என்று பிரசார அமைச்சர் கோயபல்ஸ் அஞ்சியதால், கணக்கைப் போருக்குப் பின் தீர்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். ஆகஸ்டு 24 அன்று ஹிட்லர் அந்தத் திட்டத்தை நிறுத்த உத்தரவிட்டார். அதற்குள் எழுபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்திருந்தனர். பின்னரும் பட்டினியாலும் மருந்தாலும் கொலைகள் சந்தடியின்றித் தொடர்ந்தன. அவருடைய உரைகளைப் பரப்பிய லூபெக் நகரத்து மூன்று கத்தோலிக்கக் குருக்களும் ஒரு லூத்தரன் போதகரும் 1943 நவம்பர் 10 அன்று தலை வெட்டிக் கொல்லப்பட்டார்கள். ஆயரைத் தொட அஞ்சியவர்கள், அவருடைய சொல்லை எடுத்துச் சென்றவர்களைத் தண்டித்தார்கள். இந்த இடத்தைக் கடந்து வாசிக்க எனக்கு வெகுநேரம் ஆயிற்று.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். இந்தக் கொலைகளைப் பற்றி 1940 ஜூலையிலேயே அறிந்து, எதிர்ப்புத் தெரிவிக்க வேண்டும் என்று ஜெர்மன் ஆயர் பேரவையின் தலைவராயிருந்த கர்தினால் பெர்ட்ராமுக்கு அவர் எழுதினார், பொறுத்திருக்கும்படி பதில் வந்தது, ஓராண்டு பொறுத்திருந்தார். 1938 நவம்பரில் யூதர்களின் தொழுகைக்கூடங்கள் எரிந்தபோது அவர் மறையுரை மேடையிலிருந்து கண்டிக்கவில்லை; அவர்கள் ரயிலேற்றிக் கொண்டுபோகப்பட்டபோதும் வெளிப்படையாகப் பேசவில்லை. ரஷ்யாவுக்கு எதிரான போரை, கடவுள் மறுப்புக்கு எதிரான போராகவே பார்த்தார். தம் பொறுப்பில் உள்ள மந்தை என்று எதை நினைத்தாரோ அதன்மீது கைவைத்தவர்களிடம் அவர் சீறினார். பண்ணை மக்களைக் காக்கக் கடமைப்பட்ட பழைய பிரபுவின் உணர்வு அது. அந்த வேலிக்கு வெளியே நின்றவர்கள் அவர் கண்ணில் அதே உரிமையோடு படவில்லை. இதைச் சொல்வது அவர் செய்ததைக் குறைப்பதாகாது; ஆனால் சொல்லாமல் விடுவது இறந்தவர்களுக்கு இழைக்கும் அநீதி. ‘அரசுக்கு இந்த உரிமை இல்லை’ என்று அவர் முழங்கிய அதே வாதம் யூதர்களுக்கும் ஒரு வரி பிசகாமல் பொருந்தியிருக்கும் என்பதுதான் என்னை வருத்துகிறது.

1946 பிப்ரவரியில் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் (பயஸ்) அவரைக் கர்தினாலாக உயர்த்தினார். தம் அறுபத்தெட்டாம் பிறந்தநாளில் மூன்ஸ்டருக்குத் திரும்பி, இடிந்து கிடந்த பேராலயத்தின் முன் திரண்ட பெருங்கூட்டத்திடம் பேசினார். மக்கள் தமக்குப் பின்னால் நின்றதே தம்மைக் காப்பாற்றியது என்று நன்றியோடு சொன்னார். ஆறு நாட்களில், மார்ச் 22 அன்று, குடல்வால் வெடித்து இறந்தார். 2005-இல் திருச்சபை அவரை, புனிதர் நிலைக்கு முந்தைய படியான அருளாளராக அறிவித்தது.

மூன்றாம் மறையுரையின் ஆங்கில வடிவத்தை நகலெடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். முதலில் நீங்கள் வாசியுங்கள், பிறகு மகளுக்குக் கொடுங்கள். அந்த வேலியைப் பற்றி நான் எழுதியது கடுமையாகத் தோன்றினால் தயங்காமல் மறுத்து எழுதுங்கள். தங்கள் கருத்தை ஆவலோடு எதிர்பார்க்கிறேன்.

என்றும் அன்புடன்,
தேவசகாயம்