லோகோவைப் பதிவு செய்துவிட்டால் மட்டும் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

லோகோ திருட்டு என்றாலே அது பெரிய கம்பெனிகளின் சண்டை, நமக்கென்ன என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. பொருளின் மேல் இருக்கும் பெயரை நம்பித்தான் காசு கொடுக்கிறோம், அந்தப் பெயரை வேறு யாரோ ஒட்டி விற்றால் முதலில் ஏமாறுவது வாங்குகிறவர். மருந்திலோ வண்டியின் பிரேக்கிலோ இது நடந்தால் உயிருக்கே ஆபத்து.

போலிக்காரர்கள் அப்படியே காப்பியடிப்பது குறைவு. நிறம் அதே, எழுத்தின் வளைவு அதே, பெயரில் மட்டும் ஓர் எழுத்து மாறியிருக்கும், அவசரமாக எடுக்கிறவர் கண்ணுக்கு அது படவே படாது. அதனால்தான் இப்படிப்பட்ட வழக்குகளில் நீதிமன்றங்கள் பூதக்கண்ணாடி வைத்து வித்தியாசம் தேடாமல், சாதாரணமாக வாங்குகிற ஒருவரின் அரைகுறை ஞாபகத்தில் குழப்பம் வருமா என்று பார்க்கின்றன.

லோகோவை வணிகச் சின்னமாகப் பதிவு செய்தாகிவிட்டது, இனி அரசாங்கம் பார்த்துக்கொள்ளும் என்று சும்மா இருக்கும் உரிமையாளர்களைப் பார்த்தால்தான் வருத்தமாக இருக்கிறது. பதிவு அலுவலகம் போலியைத் தேடிப் போகாது, கண்காணிக்க வேண்டியது உரிமையாளர்தான். வணிகச் சின்னங்களைப் பதிவு செய்வதற்கான சர்வதேச வகைப்பாட்டில் பொருட்களுக்கு 34, சேவைகளுக்கு 11 என மொத்தம் 45 வகுப்புகள் இருக்கின்றன, எந்த வகுப்பில் பதிந்தோமோ பெரும்பாலும் அதற்குத்தான் பாதுகாப்பு. பல நாடுகளில் 10 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். அப்புறம், வெளி ஆள் ஒருவரிடம் காசு கொடுத்து லோகோ வரைந்து வாங்கினால் அதன் பதிப்புரிமையை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், பணம் கொடுத்ததாலேயே அது உங்களுடையதாகிவிடும் என்று எல்லா நாட்டுச் சட்டமும் சொல்வதில்லை.

பெயரைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நகரும் படிக்கட்டைக் குறிக்கும் எஸ்கலேட்டர் என்ற பெயரே சாட்சி. அது ஓடிஸ் என்ற லிஃப்ட் நிறுவனத்தின் வணிகப் பெயராக இருந்தது. அந்த நிறுவனமே அதைப் பொதுப்பெயர் போல விளம்பரங்களில் எழுதி எழுதி, 1950-ல் அமெரிக்காவில் உரிமையை இழந்தது. ஆஸ்பிரின் என்ற மருந்துப் பெயரின் உரிமையும் அங்கே 1921-லேயே இப்படிப் போய்விட்டது.

அதற்காகக் கண்ணில் பட்டவர்களுக்கெல்லாம் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதும் சரியில்லை. ஒரு பொருளைப் பெயர் சொல்லி விமர்சிப்பதும், இன்னொன்றோடு நேர்மையாக ஒப்பிடுவதும் திருட்டு ஆகாது. தெரியாமல் செய்தவருக்கு முதலில் ஒரு மரியாதையான கடிதம் போதும், பாதிப் பிரச்சினை அதிலேயே தீரும். தெரிந்தே செய்கிறவர்களிடம்தான் கறாராக இருக்க வேண்டும். நோட்டீஸ் போனதும் பக்கத்தையே அழித்துவிடுவார்கள் என்பதால், இணைய முகவரியும் தேதியும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட்டை முன்னதாகவே எடுத்து வைத்துவிடுங்கள்.

உங்கள் பத்திரிகையிடமும் ஒரு வேண்டுகோள். போலிப் பொருள் பிடிபட்ட செய்தி வரும்போது மூட்டைகளின் படத்தை மட்டும் போடாமல், அசல் லோகோவையும் போலியையும் பக்கத்தில் பக்கத்தில் அச்சிட்டு, எங்கே மாறியிருக்கிறது என்று வட்டமிட்டுக் காட்டுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்