முதுகுல ஏறி அமுக்காதே தம்பி

தம்பி,

தனியா யோகா க்ளாஸ் எடுக்க ஆரம்பிச்சுட்டேன்னு கேட்டதுல ரொம்ப சந்தோஷம். "அக்கா, நான் கை வெச்சு அட்ஜஸ்ட் பண்ணா சிலர் இன்னும் டைட் ஆயிடறாங்க, ஏன்?"னு கேட்டிருந்தே, போன்ல சொன்னா பாதி விட்டுப்போகும், அதனால எழுதியே போடறேன்.

டைட் ஆகறது அவங்க தப்பு இல்லப்பா. தசையை வெடுக்குன்னு இழுத்தா அது தன்னைக் காப்பாத்திக்க உடனே சுருங்கும், நாம யோசிச்சு பண்ற விஷயமே இல்ல அது. நீ அமுக்க அமுக்க அது எதிர்த்து நிக்கும், நடுவுல மாட்டிக்கறது ஜாயின்ட். காலை நீட்டி உட்கார்ந்து முன்னாடி குனியற பச்சிமோத்தானாசனத்துல முதுகை அழுத்தறதை நான் சுத்தமா வேணாம்னு சொல்றது இதுக்குத்தான். அங்க பெரும்பாலும் தடுக்கறது முதுகே இல்ல, தொடைக்குப் பின்னாடி இருக்கற ஹாம்ஸ்ட்ரிங், அது உட்கார்ற எலும்புல போய் ஒட்டியிருக்கு, அது விடலைன்னா இடுப்பு முன்னாடி சாயாது, அப்புறம் நீ மேலேர்ந்து குடுக்கற வெயிட் மொத்தமும் கீழ் முதுகு டிஸ்க் மேலயும் அந்த ஒட்டின இடத்து மேலயும்தான் இறங்கும். அந்த இடத்துல அடிபட்டா ஆற மாசக்கணக்காகும். மடிச்ச போர்வை ஒண்ணை அடியில போட்டு உட்கார வை, முட்டியை லேசா மடக்கச் சொல்லு, நீ தொடவே வேண்டியிருக்காது.

பத்மாசனத்துலயும் முட்டியைக் கீழ தள்ளற வேலை வேணாம். முட்டி கதவு கீல் மாதிரி, மடக்க நீட்டத்தான் லாயக்கு, திருகறது இடுப்பு மூட்டோட வேலை. அந்த மூட்டு எலும்போட அமைப்பு ஆளுக்கு ஆள் வேற, சிலருக்கு எத்தனை வருஷம் பண்ணாலும் பத்மாசனம் வராது, வராட்டி என்ன இப்போ? தோள்ல நின்னு காலை மேல தூக்கற சர்வாங்காசனத்துல கழுத்துப் பக்கமே போகாதே.

அப்போ எங்கதான் கை வைக்கறதுன்னு கேப்பே. காலை அகட்டி வெச்சு முன்கால் முட்டியை மடக்கி நிக்கற வீரபத்ராசனம் ரெண்டுல அந்த முட்டி உள்பக்கம் விழுதா, வெளிப்பக்கமா கொஞ்சம் தள்ளி உன் உள்ளங்கையைக் காட்டு, "முட்டியால என் கையைத் தொடுங்க"ன்னு சொல்லு, அவங்களே நகருவாங்க. நான் பண்ற அட்ஜஸ்ட்மென்ட்ல பாதி இதுதான், வழி காட்டறது நான், நகர்றது அவங்க. கையையும் காலையும் ஊனி இடுப்பை மேல தூக்கற அதோமுக ஸ்வானாசனத்துல தோளை அமுக்காம, தொடை மடியற இடத்துல பெல்ட்டைப் போட்டு பின்னாலேர்ந்து மெதுவா இழு, கை மேல இருக்கற பாரம் குறையும். தொடறப்போ முழு உள்ளங்கை, விரல் நுனியால குத்தாதே. மூச்சு வெளிய விடறப்போ மட்டும் லேசா அழுத்தம், எடுக்கறப்பவும் மெதுவா எடு, சட்டுன்னு விட்டா தடுமாறிடுவாங்க. மூச்சைப் பிடிச்சாங்க, பல்லைக் கடிச்சாங்கன்னா அங்கயே நிறுத்து. ரப்பரா வளையறவங்களைப் பார்த்தா இன்னும் தள்ளத் தோணும், அவங்களுக்கு வேண்டியது தள்ளறது இல்ல, பிடிச்சு நிறுத்தறது.

இதுக்கெல்லாம் முன்னாடி, கேக்கணும். முட்டி போட்டுக் குனிஞ்சு படுக்கற பாலாசனத்துல எல்லாரும் தலை கவிழ்ந்திருக்கறப்போ, தொட வேணாம்ங்கறவங்க ஒரு கையைத் திருப்பி வைங்கன்னு சொல்லிடு, பக்கத்து மேட்ல இருக்கறவங்களுக்குக்கூடத் தெரியாது. நேத்து சரின்னவங்க இன்னைக்கு வேணாம்னா காரணம் கேக்காதே. அஷ்டாங்க யோகாவைப் பிரபலமாக்கின பட்டாபி ஜோயிஸ் அட்ஜஸ்ட்மென்ட்ங்கற பேர்ல தப்பா தொட்டார்னு அவரோட மாணவிகள் பலர் வெளிப்படையா சொன்னாங்க, 2019ல பேரன் சரத் ஜோயிஸே அந்த மாதிரி அட்ஜஸ்ட்மென்ட்டை நேர்ல பார்த்திருக்கேன்னு ஒத்துக்கிட்டு வருத்தம் தெரிவிச்சார். அவ்ளோ பெரிய குரு, யாரு எதிர்த்துப் பேசுவா சொல்லு. சின்ன க்ளாஸ்னாலும் உன் முன்னாடி வேணாம்னு சொல்ல அவங்களுக்குத் தயக்கம் இருக்கத்தான் செய்யும், அதனால கேக்கவேண்டியது நீதான்.

கர்ப்பமா இருக்காங்களா, எலும்புத் தேய்மானம், பிரஷர், கண்ல க்ளாக்கோமா எதாவது இருக்கான்னு மொத நாளே தனியா கேட்டு எழுதி வெச்சுக்கோ. சவாசனத்துல தோளை அழுத்தப் போறேன்னா கண்ணை மூடறதுக்கு முன்னாடியே சொல்லிடு, இல்லன்னா தூக்கிவாரிப் போடும்.

சிரசாசனத்துக்கு எப்படி சப்போர்ட் குடுக்கறதுன்னும் கேட்டிருந்தே, அது எழுதிப் புரிய வைக்கற விஷயம் இல்ல, நேர்ல வா காட்டறேன், அதுவரைக்கும் க்ளாஸ்ல அதை எடுக்காதே.

அக்கா