அக்காவுக்கு, கிரைண்டர் கதை பற்றி

அக்கா,

ஞாயிற்றுக்கிழமை அப்பாவின் முதல் வருடத் திதி. அத்தனை சொந்தங்களுக்கு நடுவில் நாம் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் இலை முன் உட்கார்ந்திருப்போம். எல்லோரும் அதைக் கவனிப்பார்கள். அதற்குள் சொல்லிவிடுகிறேன். போனை எடுக்க மாட்டேன் என்கிறாய். ஆனால் நான் எழுதிப் போடுவதை மட்டும் விடாமல் படிக்கிறாய் என்று அம்மா சொன்னாள்.

"குடும்பத்தைச் சந்தி சிரிக்க வைத்துவிட்டாய்" என்று அனுப்பியிருந்தாய். அப்பாவின் கிரைண்டர் கதையை நான் படித்தது சந்தியில் இல்லை, கோயம்புத்தூர் ரேஸ் கோர்ஸ் பக்கம் ஒரு காபிக் கடையின் மாடியில். ஓப்பன் மைக் என்றால் ஏதோ பெரிய மேடை என்று நினைத்துவிட்டாய். வாசலில் இருக்கும் நோட்டில் பெயர் எழுதினால் ஆளுக்கு ஐந்து நிமிடம். முடியப்போகிறது என்றால் பின்வரிசையிலிருந்து செல்போன் வெளிச்சத்தை ஆட்டுவார்கள். வருவது பெரும்பாலும் கல்லூரிப் பிள்ளைகள். கித்தார், காதல் தோல்வி, ஆங்கிலக் கவிதை. நடுவில் என் வயதில் ஒருத்தி எழுந்து தமிழில் குடும்பக் கதை படித்தால் முதலில் மரியாதைக்குத்தான் கேட்கிறார்கள். சரியாகச் சிரிப்பு வர வேண்டிய வரியில் கீழே காபி மெஷின் இரையும். அது அடங்கும்வரை காத்திருக்கப் பழகிவிட்டேன். அப்பாவின் குரலைச் செய்து காட்டினால் எடுபடுவதில்லை. முகத்தில் ஒன்றும் காட்டாமல் அவர் சொன்னதை மட்டும் சொன்னால், பாதி வரியிலேயே சிரித்துவிடுகிறார்கள்.

உன்னிடம் கேட்காமல் படித்தேன். அதற்கு மன்னித்துவிடு. கேட்டிருந்தால் வேண்டாம் என்றிருப்பாய், அதனால்தான் கேட்கவில்லை. நம் வீட்டில் சத்தமாகப் படித்துச் சிரிக்க வைக்கும் வழக்கத்தை ஆரம்பித்ததே அப்பாதானே? அப்புசாமி கதைகளைப் படித்துக் காட்டுவாரே. அதை எழுதிய ஜ.ரா.சுந்தரேசன் தன் அம்மா பெயரையும் அப்பா பெயரையும் சேர்த்துத்தான் பாக்கியம் ராமசாமி ஆனார் என்று எத்தனை பெருமையாகச் சொல்வார்! பெற்றவர்களின் பெயரைப் போட்டுக்கொண்டே ஒரு கிழவனையும் கிழவியையும் சண்டைக்கு விட்டவர் அவர். நான் அப்பாவின் பெயரைக்கூட மேடையில் சொல்லவில்லை.

உன்னைக் கதையிலிருந்தே எடுத்துவிட்டேன். அந்த வீட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. இதைப் படிக்கப்போகும் பெரியப்பா வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: இந்தக் கடிதத்திலும் இருக்காது. கிரைண்டருக்குப் புவிசார் குறியீடு வாங்கிய கோயம்புத்தூருக்கு, கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போவதுபோல, ஈரோட்டிலிருந்து ஒருவர் கிரைண்டரோடு பஸ் ஏறி வருகிறார் என்பதற்கே அங்கே பாதிச் சிரிப்பு. ஏன் வருகிறார் என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

உனக்கு நினைவிருக்கும். பெருந்துறை தாண்டியதும் கண்டக்டர் வந்தார். பெட்டிக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட், கல்லுக்கு ஒரு லக்கேஜ் டிக்கெட் என்றார். அப்பா துண்டை மடித்து மடியில் போட்டு அதன்மேல் குழவியை வைத்திருந்தார். அதைக் கழுவக்கூட இல்லை. காய்ந்த மாவு வேட்டியில் உதிர்ந்துகொண்டே வந்தது. (மேடையில் இதைச் சொல்வதில்லை.)

"மடியில் இருப்பதற்கு எந்த ஊரில் டிக்கெட் கேட்கிறார்கள்?" என்றார் அப்பா.

"ஏனுங்க பெரியவரே, மூன்று வயதுக்குள் இருந்தால்தான் மடிக்கு டிக்கெட் கிடையாது."

"வருகிற தையில்தான் மூன்று முடிகிறது."

பஸ்ஸே சிரித்தது. காபிக் கடையிலும் அப்படித்தான் சிரித்தார்கள். ஐந்து வயது வரை இலவசம் என்று ஆக்கியது 2022இல்தான் என்று அந்தப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டியிருக்கிறது. தை மாதக் கணக்கு பொய்யில்லை என்பதை நான் சொல்வதில்லை.

நீ முன்னால் பெண்கள் சீட்டில், ஜன்னல் பக்கம். உன் தோள் குலுங்கியதைப் பார்த்து அழுகிறாய் என்று நினைத்து எட்டிப் பார்த்தேன். முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு சிரித்தாய். அது அப்பாவுக்கும் கேட்டுவிட்டது. கையில் காசை வைத்துக்கொண்டே மறுபடி வம்புக்குப் போனார். செங்கப்பள்ளியிலேயே முடித்திருக்க வேண்டிய பேச்சைக் கருமத்தம்பட்டி வரை இழுத்தார். கண்டக்டருக்கும் விஷயம் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன், சும்மா போகும்போதும் வரும்போதும், "தம்பி பால் குடித்துவிட்டானா?" என்று கல்லைப் பார்த்துக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியில் அப்பா கேட்ட காசைக் கொடுத்துவிட்டார், இரண்டு டிக்கெட்டுக்கும்.

அன்று முதலில் சிரித்ததே நீதான். இன்று என்னைச் சொல்கிறாய்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு உன்னைச் சிரிக்க வைப்பதுதான் நம் வீட்டின் ஒரே வேலையானது. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் உன்னைப் பற்றி மட்டும் விசாரித்துவிட்டு, தட்டில் இருந்த பஜ்ஜியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுப் போனார்களே, அன்று எனக்காக யாரும் எந்தக் கண்டக்டரோடும் மல்லுக்கு நிற்கவில்லை. "அக்கா காதில் விழப்போகிறது, மெதுவாக அழு" என்றாள் அம்மா. அழுகையைக்கூட உன் வசதிக்கு அளந்துதான் அழுதேன். இதை இங்கே எழுதியிருக்கக் கூடாதோ என்னவோ. அழிக்கப் போவதில்லை.

போன மாதம் உனக்குக் காய்ச்சல் என்று கேட்டதும் கடையை மூடிவிட்டு வந்தேன். உன் தெருமுனை வரை வந்து திரும்பிவிட்டேன். ரசப் பாத்திரத்தை அம்மாவிடம் கொடுத்தனுப்பினேன், யார் வைத்தது என்று சொல்ல வேண்டாம் என்று. நீ கண்டுபிடித்திருப்பாய். நான் வைத்தால் மிளகு தூக்கலாகத்தான் இருக்கும்.

நான் படித்ததை அவர்கள் போட்டிருந்த வீடியோவை எடுத்துவிடச் சொன்னேன், மறுநாளே எடுத்துவிட்டார்கள். கதையை எடுக்க மாட்டேன். திதிக்கு முந்தின நாள், சனிக்கிழமை மாலை, மறுபடி படிக்கிறேன், பெயர் கொடுத்தாகிவிட்டது. முன் சீட்டில் ஒரு பெண் சிரித்தாள் என்று ஒரே ஒரு வரி சேர்க்க நினைக்கிறேன். மகள் என்று சொல்ல மாட்டேன். சேர்க்கட்டுமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமைக்குள் சொல். அதைச் சேர்த்தால் ஐந்து நிமிடத்தைத் தாண்டும், கண்டக்டரின் பால் வசனத்தை வெட்ட வேண்டியிருக்கும்.