பிடி அரிசி நோட்டும் ஃபைபர் போட்டும்: ஒரு நன்றி மடல்

கிறிஸ்துவுக்குள் பிரியமானவர்களுக்கும், எங்களைப்போல் கிறிஸ்துவைக் கும்பிடாவிட்டாலும் எங்களுக்குப் பிரியமானவர்களுக்கும், தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்துக்கும் ஏரலுக்கும் நடுவே இருக்கிற எங்கள் சின்னச் சபையின் ஸ்தோத்திரம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் வந்து சேர்ந்த உதவிகளின் கணக்கைச் சபைக் கூட்டத்தில் வாசித்து ஒப்புக்கொண்டாயிற்று. அப்புறம் நன்றி சொல்லும் வேலையைப் பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலையில் கட்டினார்கள், சங்கம் என் தலையில் கட்டியது. நாலு வரி எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டிவிடலாம் என்றார் பொருளாளர் தம்பி. காலமெல்லாம் பிள்ளைகளைக் கட்டுரை எழுத வைத்த டீச்சரிடம் சொல்கிற பேச்சா அது?

வெளியூரில் இருப்பவர்களுக்காக நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிசம்பர் 17, கிறிஸ்துமஸுக்கு முந்தின அட்வெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு. காலை ஆராதனைக்கே குடையோடுதான் வந்தோம். அன்று இரவு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போக வேண்டிய கீத பவனியை மழையால் நிறுத்திவிட்டோம். காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஆற்றில் ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர், வழியெல்லாம் உடைப்பெடுத்த குளங்கள். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனதையும், புதுக்குடி ஊர்க்காரர்கள் தங்கள் வீட்டு அரிசியைப் பொங்கிக் கொண்டுபோய் அந்தப் பயணிகளுக்குக் கொடுத்ததையும் டிவியில் பார்த்திருப்பீர்கள். அது எங்கள் அக்கம்பக்கம்தான். எங்களுக்கோ கரண்டும் இல்லை, டவரும் இல்லை. எங்களைப் பற்றிய செய்தியே எங்களுக்குக் கடைசியாகத்தான் வந்தது.

முதல் நன்றி ஆலயத்தைப் பார்த்துக்கொண்டு மணியடிக்கிற கோயில்குட்டி அண்ணனுக்கு. ராத்திரி தண்ணீர் தெருவுக்குள் நுழைந்ததும் அவர் தன் வீட்டுச் சாமானை எடுக்கப் போகவில்லை, மணிக்கயிற்றைப் பிடிக்கப் போனார். ஆராதனை மணி எப்படி இருக்கும், சாவு மணி எப்படி இருக்கும் என்று எங்கள் ஊர்க் குழந்தைக்கும் தெரியும். இது இரண்டிலும் சேராமல் விடாமல் அடித்தது. வடக்குத் தெருக்காரர்கள், அம்மன் கோயிலுக்குக் கொடை விழா எடுக்கிற குடும்பங்கள், எல்லாரும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் இருட்டில் எந்தப் பக்கம் நடப்பது என்று தெரிந்துகொண்டதாகப் பிறகு சொன்னார்கள். ஊரிலேயே மேடான இடம் ஆலயம்தான். அண்ணன் வீட்டில் மிஞ்சியது ஒரு கட்டிலும் சுவர்க் கடிகாரமும். "மணி நல்லா இருக்குல்லா" என்று மட்டும் கேட்டார்.

அடுத்து எங்கள் போதகரான சேகர குருவானவர் ஐயாவுக்கு. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இது சுலபமாக நடக்கவில்லை. மனிதர்கள் உள்ளே வருவதில் யாருக்கும் ஆட்சேபமில்லை. வடக்குத் தெரு ஆச்சி ஒருத்தி வெள்ளாட்டையும் அதன் இரண்டு குட்டிகளையும் பிடித்துக்கொண்டு படியில் நின்றதில்தான் சிக்கல். "ஆடு வெளிய நின்னா நானும் வெளியதான் நிப்பேன்" என்றாள். ஆலயத்துக்குள் ஆடா என்று கமிட்டிப் பெரியவர் ஒருவர் தயங்கினார். அவர் தயங்கியதில் தப்பில்லை. அந்தத் தரையைத் தன் கையால் கழுவிவிடுகிற மனுஷர் அவர். ஐயா முழங்கால் தண்ணீரில் நின்றபடியே கேட்டார்: "நம்ம மாவட்டத்துக் கிறிஸ்தவ ஊர் முதலூர் எப்படி உண்டாச்சு தாத்தா? 1799-இல் விசுவாசத்துக்காக வீட்டை இடிச்சு விரட்டப்பட்டவங்க தங்க இடம் வேணும்னு வாங்கின நிலம்தானே? 1830-இல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் தர்ம சங்கம் தொடங்கினதும் அப்படி விரட்டப்பட்டவங்களுக்கு நிலம் வாங்கத்தானே? அப்படி ஓடி வந்தவங்க ஆடு மாட்டை விட்டுட்டா வந்திருப்பாங்க?" தாத்தா பதில் சொல்லவில்லை, ஞாயிறு பள்ளி அறையின் சாவியை எடுத்துக் கொடுத்தார். ஆடு, கோழி, ஒரு கன்றுக்குட்டி எல்லாம் அங்கே போயின. சுவரில் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய நோவாவின் பேழைப் படத்துக்கு நேர் கீழே. யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்லை. அந்த நிலைமையிலும் அதைப் பார்த்துச் சிரித்தோம்.

ஐயாவின் மனைவி ஐயரம்மாவுக்கும் நன்றி, அரிசி விஷயத்தில். எங்கள் சங்கத்தின் பிடி அரிசி பற்றிப் பலருக்குத் தெரியும். உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை ஊழியத்துக்கென்று தனியே எடுத்துவைப்பது எங்கள் பாட்டிமார் காலத்து வழக்கம். மாசாமாசம் வீடு வீடாகச் சேர்த்து, விற்று, வடநாட்டில் ஊழியம் செய்கிற ஒரு மிஷனெரி குடும்பத்துக்கு அனுப்புகிறோம். அந்த மாத அரிசி ஆலயத்தின் வெஸ்ட்ரி அறையில் டிரம்மில் இருந்தது. ஆண்டவருக்குக் கொடுத்ததை எடுத்துச் சமைக்கலாமா என்று ஒரு பேச்சு வந்தது. "அவருக்குக் கொடுத்ததை அவர் இப்பக் கேட்கிறார்" என்று சொல்லிவிட்டு ஐயரம்மா டிரம்மைத் திறந்தார்கள். குளிர்காய்ந்து பசியாறுங்கள் என்று வாயால் சொல்லி அனுப்பிவிடுகிறவர்களைப் பார்த்து, அதனால் பிரயோஜனமென்ன என்று வேதாகமத்தின் யாக்கோபு நிருபம் கேட்பது எல்லாருக்கும் தெரியும். ஆனால் கேட்டுத் தலையாட்டுவது வேறு, டிரம்மைத் திறப்பது வேறு.

அசனம் என்கிற சபை விருந்துக்கு வைத்திருக்கும் பெரிய வார்ப்புப் பாத்திரத்தில் அதைப் பொங்கினோம். விறகெல்லாம் நனைந்துவிட்டது. விற்பதா வேண்டாமா என்று கமிட்டி வருஷக்கணக்காக முடிவெடுக்காமல் வைத்திருந்த உடைந்த பெஞ்சுகள் அன்றைக்கு அடுப்புக்குப் போயின. அது எத்தனையோ அடுக்களைகளின் அரிசி இல்லையா? புழுங்கலும் பச்சரிசியும் ரேஷன் அரிசியும் ஒன்றாகக் கிடந்தன. ஒரு பங்கு குழைந்து கஞ்சியாகிவிட, இன்னொரு பங்கு வேகவே இல்லை. உப்பும் ஊறுகாயும் போட்டுத்தான் கொடுத்தோம். அதையும் குறை சொல்லாமல் சாப்பிட்ட அத்தனை பேருக்கும் நன்றி. ஜனவரியில் எங்கள் பெண்கள் ஆளுக்கு இரண்டு பிடியாக எடுத்துவைத்து மிஷனெரி குடும்பத்துக்குச் சேர வேண்டியதை அனுப்பிவிட்டார்கள். இதைக் கணக்கில் கேட்டவர்களுக்காகச் சொல்கிறேன்.

அந்த அரிசியைவிட அதன் நோட்டு பெரிய உதவி செய்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கடற்கரை ஊர் அண்ணன்மார் தங்கள் ஃபைபர் போட்டை மினி லாரியில் ஏற்றி, ரோடு இருக்கிறவரைக்கும் கொண்டுவந்து, அங்கிருந்து தண்ணீரில் விட்டு வந்து சேர்ந்தார்கள். வந்ததும் கேட்ட முதல் கேள்வி: "எந்தெந்த வீட்டுல ஆள் இருக்கு?" பதற்றத்தில் ஆளுக்கொன்று சொன்னார்கள். அப்போது எங்கள் சங்கத்து அக்கா ஒருத்தி மடியிலிருந்து பிளாஸ்டிக் உறையில் சுற்றிய பிடி அரிசி நோட்டை எடுத்தாள். தெரு வாரியாக, வீட்டு வரிசையாக எல்லாப் பெயரும் அதில் இருக்கிறது. அரிசி கொடுப்பது கிறிஸ்தவ வீடுகள்தான், ஆனால் தெரு எல்லாருக்கும் பொதுதானே. அரிசி வாங்கப் போகிற சாக்கில் பக்கத்து வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து, யாருக்குச் சர்க்கரை, யார் மகன் துபாயில், யார் தனியாக இருக்கிறார் என்பதெல்லாம் அக்காமாருக்கு மனப்பாடம். நோட்டில் விரலை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "இந்த வீட்டுல தாத்தாவுக்கு நடக்க வராது, நாற்காலியோட தூக்கணும். அதுக்கு அடுத்தது பூட்டின வீடு. கடைசி வீட்டு ஆச்சிக்குக் காது கேக்காது, கூப்பிட்டுட்டு ஆளில்லைன்னு திரும்பிடாதீங்க, பரண்ல பாருங்க." அந்த ஆச்சி பரணில்தான் இருந்தார்கள், பசித்து, நடுங்கி, உயிரோடு.

அரிசி வாங்கப் போகிற அக்காமாரைப் பார்த்து, "வம்பு பேசத்தான் போறாங்க" என்று கேலி செய்தவர்கள் எங்கள் சபையிலேயே உண்டு. பெயர் சொல்ல மாட்டேன். ஒரு வீட்டுப் படியில் மாசத்துக்கொரு தடவை ஏறி, உட்கார்ந்து, நலம் விசாரித்துவிட்டு வருவது ஊழியமா வம்பா என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள் என்று நினைக்கிறேன். சரி, வம்பும் கொஞ்சம் உண்டுதான்.

கடற்கரை அண்ணன்மாரே, நீங்கள் ஆர்.சி. கத்தோலிக்கர், நாங்கள் சி.எஸ்.ஐ. புராட்டஸ்டண்ட். இரண்டு ஊர்க் கொயரும் சேர்ந்து பாடுகிற கிறிஸ்துமஸ் விழாவை ஆரம்பித்தபோது இரண்டு பக்கமும் முகம் சுளித்தவர்கள் இருந்தார்கள். அந்த விழாவில் கைபேசி எண் வாங்கிக்கொண்ட பையன்களில் ஒருவன்தான், டவர் கிடைக்கும் இடம்வரை நடந்துபோய் உங்களைக் கூப்பிட்டவன். எங்கள் மாவட்டத்து வெள்ளாளன்விளையில் பிறந்து, பின்னாளில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயரான அசரியா, 1910-இல் எடின்பரோ மாநாட்டில் மேல்நாட்டு மிஷனெரிகளைப் பார்த்துச் சொன்னது ஞாபகம் வருகிறது. ஏழைகளுக்கு உங்கள் பொருளைக் கொடுத்தீர்கள், உங்கள் சரீரத்தையே கொடுத்தீர்கள், நாங்கள் அன்பையும் கேட்கிறோம், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்றார். ஞாயிறு பள்ளிப் பிள்ளைகள் போட்டிக்காக ஒப்பிக்கிற வாசகம் அது. எஞ்சினுக்கு ஊற்றிய எண்ணெய்க் காசையாவது வாங்கிக்கொள்ளுங்கள் என்று பொருளாளர் நீட்டியபோது நீங்கள் அவரைத் திட்டியதை நாங்கள் யாரும் மறக்கவில்லை. அவரும் மறக்கவில்லை.

ஜமாஅத் இளைஞர்களுக்கு: பால் பவுடர், ரொட்டி, மெழுகுவர்த்தி எல்லாரும் கொண்டுவந்தார்கள். நாப்கினும் மாற்று உள்ளாடையும் தனிப் பையில் கட்டி, "இதை டீச்சர்கிட்ட கொடுங்க" என்று தலை நிமிராமல் நீட்டியது நீங்கள் மட்டும்தான். உங்களிடம் அதைச் சொல்லி அனுப்பிய தாயாருக்கோ அக்காவுக்கோ எங்கள் பெண்கள் அத்தனை பேரின் சலாம். கிறிஸ்துமஸ் லீவுக்கு வந்த நம் நர்ஸ் பிள்ளைகள் வெஸ்ட்ரி மேசையையே ஆஸ்பத்திரியாக்கி உப்பு-சர்க்கரைக் கரைசல் கலந்து கொடுத்தார்கள், இன்சுலின் பாட்டில்களை மண்பானைக்குள் வைத்துக் காப்பாற்றினார்கள். அவர்களைப் பெற்றவர்களுக்கும் சேர்த்து நன்றி.

மும்பையிலும் சென்னையிலும் வாழ்கிற நம் ஊர்ப் பிள்ளைகளே, ஜிபேயில் பணம் அனுப்பியதற்கு நன்றி. ஆனால் லீவு போட்டு வந்து சகதி அள்ளினீர்களே, அதற்குத்தான் பெரிய நன்றி. தண்ணீர் வடிந்ததும் வெளியாட்கள் குறைந்துவிட்டார்கள், அது எங்கும் நடக்கிறதுதான். வீட்டுக்குள் கெண்டைக்கால் உயரத்துக்குச் சேறு, அதில் ஊறிய மெத்தை, செத்த கோழி, பிள்ளைகளின் சர்டிபிகேட். அரசு கொடுத்த 6,000 ரூபாய் கைகொடுத்தது, ஆனால் சகதியை அள்ள ஆள் வேண்டுமே. வாழை சாய்ந்த வயல்களில் மட்டையை வெட்டி ஒதுக்க நீங்கள் இறங்கியபோது, வயல் யாருடையது என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் பாதிக்கு மேல் நம் சபையாருடையது இல்லை என்று தெரிந்திருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஒரு குழுவினர் ரொட்டிப் பொட்டலத்தை ஆச்சிமார் கையில் கொடுத்து, போட்டோ சரியாக வரவில்லை என்று திரும்ப வாங்கி மறுபடி கொடுத்தார்கள். ரொட்டி நன்றாக இருந்தது, அதற்கு நன்றி. போட்டோவில் எங்கள் ஆச்சிமார் முறைத்துக்கொண்டிருந்தால் காரணம் இதுதான்.

கிறிஸ்துமஸ் ஆராதனையை வழக்கம்போல் விடியற்காலையில் நடத்தினோம். புதுத்துணி இல்லை, ஸ்டார் இல்லை. கீத பவனிக் காணிக்கைக்கென்று ஒதுக்கியதில் பாய் வாங்கியிருந்தோம். வடக்குத் தெருக்காரர்கள் சிலர் அப்போதும் ஆலயத்தில்தான் தங்கியிருந்தார்கள். பாய்களைச் சுருட்டி வைத்துவிட்டு, பின்னால் உட்கார்ந்து கேட்டார்கள். அவர்களிடம் யாரும் எதுவும் எதிர்பார்க்கவில்லை, எதையும் பிரசங்கித்து நெருக்கவும் இல்லை. இதில் ஐயா கண்டிப்பாக இருந்தார், அதற்கு அவருக்கு இன்னொரு நன்றி. பசியில் இருப்பவனிடம் சோற்றைக் காட்டி விசுவாசம் கேட்பது எங்களுக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்ட விசுவாசமில்லை. அடுத்த கொடைக்கு அவர்கள் எங்களை அழைத்தார்கள், போனோம். அவர்கள் எங்கள் அசனத்துக்கு வருகிறார்கள்.

அசனம் என்றதும் ஞாபகம் வருகிறது. இந்த வருஷத் தோத்திரப் பண்டிகை அசனத்துக்கு மேலே சொன்ன எல்லாரும் கட்டாயம் வர வேண்டும். சோறு இந்தத் தடவை ஒரே அரிசியில்தான். கடற்கரை அண்ணன்மார் போட்டைக் கொண்டுவர வேண்டாம், வீட்டம்மாவையும் பிள்ளைகளையும் கொண்டுவாருங்கள்.

அப்புறம் ஒரு அறிவிப்பு. வெள்ள நேரத்தில் யார் யாரோ கொண்டுவந்த சாமான்கள் சில இன்னும் வெஸ்ட்ரியில் இருக்கின்றன: மூடியில்லாத ஒரு பெரிய தூக்குவாளி, நீலக் கரை போட்ட ஜமுக்காளம், அடியில் "எம்.எஸ்." என்று வெட்டிய பித்தளைப் போணி, ஆண்கள் செருப்பு இடதுகால் மட்டும். உரியவர்கள் கோயில்குட்டி அண்ணனிடம் அடையாளம் சொல்லி வாங்கிக்கொள்ளவும். செருப்புக்கு அடையாளம் தேவையில்லை, வலதுகாலைக் கொண்டுவந்தால் போதும்.

இப்படிக்கு,
சபையார் சார்பாக,
பெண்கள் ஐக்கிய சங்கச் செயலாளர்