எமோஜியோடு ஒரு சொல்லும் சேரட்டும்

ஆசிரியருக்கு வணக்கம்.

குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் எமோஜியால் வரும் மனத்தாங்கல் பெருகிவருகிறது. சின்னவர்களுக்கு மரியாதை போய்விட்டது என்று பெரியவர்களும், பெரியவர்கள் வேண்டுமென்றே குத்துகிறார்கள் என்று சின்னவர்களும் நினைக்கிறார்கள். பெரும்பாலும் யார் மனதிலும் அப்படி ஒன்றும் இருப்பதில்லை.

லேசாகப் புன்னகைக்கும் மஞ்சள் முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். "சரிப்பா" என்று எழுதி அதைச் சேர்க்கும் அப்பாவுக்கு அது கனிவு. மகளுக்கோ, கோபத்தை அடக்கிக்கொண்டு சிரிப்பதுபோல் படுகிறது. காரணம் இருக்கிறது. அவள் வயதில் சிரிப்புக்குக் கதறி அழும் முகமும் மண்டையோடும்தான் புழக்கம். அந்த அளவுகோலில் மெல்லிய புன்னகை ரொம்பக் கீழே நிற்கிறது. முகம் கொடுக்காமல் பேசுவதுபோல் இருக்கிறது. மண்டையோட்டைக் கண்டு பெரியவர்கள் பதற வேண்டாம். "சிரிச்சே செத்துட்டேன்" என்று நாம் வாயால் சொல்வதைத்தான் அவர்கள் படமாக அனுப்புகிறார்கள். கண்ணீர் வரச் சிரிக்கும் முகம் 2015-இல் ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் 'ஆண்டின் சொல்'லாகத் தேர்வானது. இன்று இளையவர்கள் பலருக்கு அது பெரியவர்களின் எமோஜி.

படமும் ஒன்றுபோல் இருப்பதில்லை. எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடு ஒவ்வோர் எமோஜிக்கும் தருவது ஓர் எண்ணும் பெயரும் மாதிரிப் படமும்தான். திரையில் தெரியும் படத்தை ஃபோன், செயலி நிறுவனங்கள் தங்கள் விருப்பப்படி வரைகின்றன. தவிர, எமோஜிகள் பலவும் ஜப்பானிலிருந்து வந்தவை. அந்நாட்டுச் சித்திரக்கதைகளில் மூக்கில் குமிழி வந்தால் தூக்கம். அது தெரியாமல், தூங்குகிற முகத்தின் குமிழியைக் கண்ணீர் என்றெண்ணி இரங்கல் செய்திக்குக் கீழே போட்டுவிடுகிறார்கள். மூக்கில் புகைவிடும் முகத்துக்கு யூனிகோடு வைத்த பெயர் வெற்றிப் பெருமிதம். நாம் அதைக் கோபம் என்று வாசிக்கிறோம்.

கட்டைவிரலில்தான் அதிகக் கவனம் வேண்டும். "ஆபரேஷன் முடிந்தது" என்ற செய்திக்கு வெறும் கட்டைவிரல் வந்தால், அனுப்பியவருக்கு அது "நல்லது, பார்த்துவிட்டேன்", வாங்கியவருக்கு "அவ்வளவுதானா?" பண விவகாரத்தில் இது நீதிமன்றம் வரை போயிருக்கிறது. கனடாவின் சஸ்காட்செவன் மாகாணத்தில், ஆளிவிதை ஒப்பந்தத்தின் படத்தை அனுப்பி உறுதி கேட்டவருக்கு ஒரு விவசாயி கட்டைவிரலை அனுப்பினார். கிடைத்தது என்று சொல்லத்தான் அனுப்பினேன் என்றார். அது சம்மதமே என்று 2023-இல் தீர்ப்பு வந்தது. 82,000 கனடிய டாலருக்கு மேல் இழப்பீடு கட்ட நேர்ந்தது.

அதனால் பணம், சம்மதம், மன்னிப்பு, துக்கம் ஆகிய நான்கிலும் முதலில் சொல்லை எழுதுங்கள். "சம்மதம்", "பார்த்தேன், நாளை சொல்கிறேன்" என்று டைப் செய்ய ஐந்து நொடி போதும். துக்கச் செய்தியில் எமோஜியே வேண்டாம். பார்வையற்றவர்களுக்கு ஃபோன் எமோஜியின் பெயரைத்தான் வாசித்துக் காட்டும் என்பதை இளையவர்களும் மறக்க வேண்டாம். நீங்கள் சிரித்து அனுப்பிய மண்டையோடு அவர் காதில் மண்டையோடு என்றே விழும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்