விளைச்சல் இருந்தும் காலியாகும் ஊர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

விவசாயத்தை நம்பியுள்ள சிறு நகராட்சிகளில் மக்கள்தொகை குறைந்துவருவது பற்றிய கட்டுரையை வாசித்தேன். விவசாயம் நொடித்ததால் ஊர் காலியாகிறது என்று அதில் சொல்லியிருப்பது பாதி உண்மைதான். விளைச்சல் நன்றாக இருக்கும் ஊர்களும் காலியாகின்றன. டிராக்டரும் அறுவடை இயந்திரமும் வந்தபின் பல குடும்பங்கள் பார்த்த நிலத்தை ஒரே குடும்பம் பார்த்துவிடுகிறது. மற்றவர்கள் பிழைப்பு தேடிப் போகிறார்கள். அப்புறம் பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளியை மூடுகிறார்கள். பள்ளி இல்லாத ஊரில் பிள்ளைகுட்டிக்காரர்கள் எப்படித் தங்குவார்கள்? வரி கட்ட ஆள் குறைந்தாலும், பராமரிக்க வேண்டிய சாலையும் குடிநீர்க் குழாயும் அதே நீளத்தில்தான் கிடக்கின்றன. நகராட்சியின் கழுத்தை நெரிப்பது இந்தச் செலவுதான்.

ஜப்பானில் முன்னாள் அமைச்சர் ஹிரோயா மசுதா தலைமையிலான குழு 2014இல் ஓர் அறிக்கை தந்தது. பிள்ளை பெறும் வயதில், அதாவது 20 முதல் 39 வயது வரையுள்ள பெண்களின் எண்ணிக்கை 2040க்குள் பாதியாகவோ அதற்கும் கீழாகவோ குறையக்கூடிய 896 உள்ளாட்சிகள் மறைந்துபோகலாம் என்றது அது. இளம்பெண்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்காமல் ஊரைக் காப்பாற்றும் பேச்சே வீண் என்பது என் கருத்து.

அதே நாட்டில் ஷிகோகு தீவின் மலையூரான காமிகாட்சுவில், 1981இல் கடுங்குளிர் ஆரஞ்சுத் தோட்டங்களை அழித்தது. வேளாண் கூட்டுறவில் பணியாற்றிய தொமோஜி யோகொய்ஷியின் யோசனையில், உணவுத் தட்டுகளை அலங்கரிக்கும் இலைகளை விற்கும் தொழில் 1986இல் தொடங்கியது. பாட்டிமார்கள் கணினித் திரையில் ஆர்டரைப் பார்த்து, மேப்பிள் இலைகளைப் பறித்து, பழுதில்லாதவற்றைப் பொறுக்கி, ஒரே அளவாக அடுக்கி அனுப்புகிறார்கள். இலைக்குக் கனமில்லை, எண்பது வயதிலும் செய்யலாம்.

அப்படியும் அங்கே மக்கள்தொகை ஏறவில்லை. 1950களில் 6,000க்கு மேல் இருந்தது, இப்போது 1,500க்கும் கீழ். ஆனாலும் இதைத் தோல்வி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இருப்பவர்கள் சொந்தக் கையால் சம்பாதிக்கிறார்கள், முதுமையிலும் அவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது.

பழைய எண்ணிக்கையை மீட்போம் என்று வாக்குறுதி தந்து, புதிதாக வருவோருக்குச் சலுகைகளை அள்ளிக் கொடுப்பதைவிட, மிஞ்சியிருக்கும் பள்ளிக்கும் பேருந்துக்கும் மருத்துவமனைக்கும் அந்தப் பணத்தைச் செலவிடலாம். சரி, பத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பள்ளி நட்டம்தானே என்பார்கள். நட்டம்தான். அதை மாநிலமோ மத்திய அரசோ ஏற்க வேண்டும். அந்த ஊர் விளைவிப்பதைத்தானே எல்லோரும் சாப்பிடுகிறோம். அடுத்த கட்டுரையில் இந்தச் செலவுக் கணக்கையும் விரிவாக எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்