பொலிஸ் மைதானத்துக் கேட்டைத் திறந்து விடுங்கள், ஐயா

எங்கள் நகரத்துப் பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி ஐயா அவர்களுக்கு,

வணக்கம். பூட்டிக் கிடக்கிற பொலிஸ் மைதானத்தைப் பிள்ளைகள் பந்தடிக்கத் திறந்து விடச் சொல்லி நாங்கள் கேட்கிற விஷயம் உங்களுக்குத் தெரியும். எங்கள் தேயிலைத் தோட்டத் தலைவர்மாரும் கோவில் கமிட்டியும் அதற்காகக் கையெழுத்துப் போட்டுத் தந்த கடிதம் உங்கள் கையில் கிடைத்ததும் எனக்குத் தெரியும். இன்னும் பதில் வரவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை என் பேரன் கையை முறித்துக்கொண்டான். அதனால்தான் எல்லோரும் பார்க்கும்படி இதை எழுதுகிறேன்.

அவனுக்கு 12 வயது. தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கு மேலே இருக்கிற ரோட்டு வளைவில் பிள்ளைகள் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். வேறு எங்கே போய் அடிப்பார்கள்? தோட்டத்தில் மட்டமான இடம் எங்கே இருக்கிறது, ஐயா? நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்தில் ஒரு காம்பரா, அதாவது ஓர் அறை, 10 அடிக்கு 12 அடி. வாசலில் இறங்கினால் தண்ணீர் ஓடுகிற கான். அதைத் தாண்டினால் அடுத்த லயத்துக் கூரை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற பிரட்டுக்களத்தில் லொறி நிற்கிறது. மற்றதெல்லாம் தேயிலை, எல்லாம் சரிவு.

ரோட்டில் அடிக்கிற பந்து ஓரத்தைத் தாண்டினால் மூன்று நிரை கீழே போய்த்தான் நிற்கும். அதனால் எங்கள் பிள்ளைகளின் ஆட்டத்தில் ஒருவன் கீழே நிற்பான். அவன் எந்தப் பக்கத்து ஆளும் இல்லை. பந்தை உதைக்கவும் மாட்டான். உருண்டு வருவதைப் பிடித்து மேலே எறிவான், அவ்வளவுதான். முறை வைத்து நிற்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை என் பேரனின் முறை. பந்தைத் துரத்தி ஓடியவனுக்குத் தேயிலை மூடியிருந்த கான் தெரியவில்லை. உள்ளே விழுந்தான்.

அங்கிருந்து பார்த்தால் உங்கள் மைதானம் தெரியும். ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. வழக்கில் பிடித்த லொறி, ஓட்டோ, மோட்டார் சைக்கிள் எல்லாம் புல் மூடி நிற்கின்றன. நடுவில் ஒரு கோல் கம்பம் மட்டும் மிச்சம். வழக்கு முடியாமல் வாகனங்களைக் கொடுக்க முடியாது என்பது எனக்கும் விளங்குகிறது. எல்லாவற்றையும் ஒரு பக்கமாகத் தள்ளி வைத்தாலே பாதி மைதானம் கிடைக்கும். நான் கேட்பது பின்னேரம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரைக்கும்தான். அந்தக் கேட்டைத் திறந்து விடுங்கள்.

அந்த மைதானம் எப்படி வந்தது என்று நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். மேடாகக் கிடந்த இடத்தைப் பொலிஸ்காரர்களும் தோட்டத்து ஆட்களும் சேர்ந்து வெட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில், பேர், அதாவது நாள் சம்பளம், கிடைக்காத வேலை. எங்கள் அப்பாவும் மண்வெட்டியோடு போயிருக்கிறார்.

எனக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும்போது சனிக்கிழமை என்றால் பொலிஸ் டீமின் ஆட்டம்தான். ஒரு மலாய் சார்ஜன்ட் கோலுக்கு நிற்பார். முன்னால் விளையாடுகிற ராலாமி, அதாவது கான்ஸ்டபிள், காலி ஊர்ப் பக்கத்துச் சிங்களவர். வலது பக்கம் யாழ்ப்பாணத்துத் தமிழர். எங்கள் தோட்டத்து டீம் வெறுங்காலோடு போகும். அதைப் பார்த்த சார்ஜன்ட் ஒருநாள் தன்னுடைய பூட்ஸைக் கழற்றிக் கோட்டுக்கு வெளியே வைத்தார். மற்றவர்களும் கழற்றினார்கள். அதற்குப் பிறகு தோட்டத்து டீமோடு ஆடுகிற நாளெல்லாம் 11 சோடி பூட்ஸ் வெளியே வரிசையாக இருக்கும். அவற்றுக்குக் காவல் நாங்கள், சின்னப் பையன்கள். காக்கிச் சட்டையைக் கண்டால் லயத்துக்குள் ஓடி ஒளிகிற பிள்ளைகளை நம்பிப் பொலிஸ்காரர்கள் தங்கள் பூட்ஸை விட்டுப் போனார்கள்.

1974ஆம் ஆண்டு, தோட்டங்களில் மாவும் அரிசியும் இல்லாமல் சனங்கள் பட்டினி கிடந்த காலம். அப்போது ஆட்டம் முடிந்ததும் பொலிஸ் குசினியிலிருந்து மரவள்ளிக்கிழங்கு அவித்துக் கொண்டுவந்து வைப்பார்கள். ஆட வந்தவர்களுக்கு மட்டுமில்லை, பார்க்க வந்தவர்களுக்கும் கிடைக்கும்.

எங்கள் டீமில் நன்றாக ஆடுகிறவர் குடும்பத்துக்கு தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்கு அனுப்ப இலங்கையும் இந்தியாவும் செய்த 1964 ஒப்பந்தப்படி, போகிறவர்கள் பட்டியலில் பேர் வந்தது. தலைமன்னாருக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். கோச்சி ஏற்றிவிட ஸ்டேஷனில் தோட்டமே நின்று அழுதது. பொலிஸ் டீமும் வந்திருந்தது. அந்த மலாய் சார்ஜன்ட் ஒரு பந்தைக் கொடுத்து, அவர் தலையைத் தடவினார். இரண்டு பேருக்கும் பேச்சு வரவில்லை.

1983 ஜூலையில் தமிழர்களை அடித்த கலவரத்துக்குப் பிறகு அந்த ஆட்டங்கள் நின்றுபோயின. யாரும் தடுக்கவில்லை. யாரையும் ஆட்டத்துக்குக் கூப்பிட யாருக்கும் வாய் வரவில்லை. ஆனாலும் கேட்டு மட்டும் திறந்தேதான் இருந்தது. பிள்ளைகள் ஆடினார்கள். ஆறு வருஷத்துக்கு முந்தித்தான் பூட்டு விழுந்தது.

இப்போது எங்கள் ஆட்கள் நிலையத்துக்கு வருவது முறைப்பாட்டோடு மட்டும்தான். அதையும் சிங்களத்தில் எழுதி, ஒப்பம் போடு என்கிறார்கள். என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே போட்டுவிட்டு வருகிறோம். தமிழும் அரச கரும மொழி என்று 1987இல் அரசியலமைப்பில் எழுதினார்கள். அதற்குப் பிறகு பிறந்த பிள்ளைகளுக்கே பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். தமிழில் எழுத ஓர் ஆளை வைக்க இன்னும் எத்தனை வருஷம் வேண்டும்? எங்களுக்குக் கோபம் வராது என்று நினைக்கிறார்களா?

மன்னிக்க வேண்டும், ஐயா. அது உங்கள் ஒருவர் கையில் உள்ள விஷயமில்லை. கேட்டின் சாவி உங்கள் கையில் இருக்கிறது. தயவுசெய்து பின்னேரத்தில் இரண்டு மணித்தியாலம் அதைத் திறந்து விடுங்கள். பிள்ளைகள் வாகனங்களில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள நான் வந்து நிற்கிறேன். வேலை ஓய்ந்தவன், எனக்கு நேரம் இருக்கிறது.

வாகனங்களைத் தள்ளி வைக்கவும் புல்லை வெட்டவும் தோட்டத்தில் 20 பேர் வரத் தயாராக இருக்கிறார்கள். மண்வெட்டியும் கத்தியும் நாங்களே கொண்டுவருகிறோம். எந்த ஞாயிற்றுக்கிழமை வரலாம் என்று மட்டும் சொல்லி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
அந்தப் பூட்ஸுக்குக் காவல் இருந்த பையன்களில் ஒருவன்